அட்டெஸ்டேஷன் படிவத்தில் முடிந்துபோன வழக்கை எழுத வேண்டுமா?

ஆர்.கே.புரம் வாசி (கேள்வி):

தில்லித் தமிழ் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் வெற்றி பெற்று, மத்திய அரசுத் துறை ஒன்றில் குரூப் சி பணிக்கு நான் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறேன். அந்தத் துறையிலிருந்து ஆவணச் சரிபார்ப்புக்கான கடிதமும், அதனுடன், நம் முன்வரலாற்றை நாமே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டிய அட்டெஸ்டேஷன் படிவமும் வந்துள்ளன. படிவத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு இரண்டு குழப்பங்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதலாவது, பழைய வழக்கு ஒன்றைப் பற்றியது. 2019-இல் நான் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி இரண்டு குடும்பங்களுக்கிடையே வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாகிவிட்டது. காவல்துறையினர் இரு தரப்பிலும் ஆண்களை அழைத்துச் சென்றனர். எங்கள் மீது அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107/151 பிரிவுகளின் கீழ், அமைதி குலையாமல் தடுக்க, இங்கே எல்லோரும் ‘கலந்தரா’ என்று சொல்லும் நடவடிக்கை எடுக்கப்பட்டு, அன்று மாலையே உதவி ஆணையர் முன்னிலையில் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அது தவிர, இந்திய தண்டனைச் சட்டத்தின் 323 (காயப்படுத்துதல்), 341 (வழிமறித்தல்), 34 (கூட்டாகச் செய்தல்) ஆகிய பிரிவுகளின் கீழ் முதல் தகவல் அறிக்கை ஒன்றும் பதிவானது. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, 2021-இல் இரு தரப்பும் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டதால் வழக்கு முடிந்தது. அந்தக் குடும்பத்துடன் இன்று எங்களுக்கு நல்ல உறவே இருக்கிறது.

படிவமோ, நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, தடுத்து வைக்கப்பட்டிருக்கிறீர்களா, பிணைப்பத்திரத்துக்கு உட்படுத்தப்பட்டிருக்கிறீர்களா, உங்கள் மீது வழக்கு நடந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. விடுதலை ஆகிவிட்டதால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார். அப்படி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ‘ஆம்’ என்று எழுதினால், பல ஆண்டுகள் படித்துப் பெற்ற வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

இரண்டாவது, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான ஓ.பி.சி. சான்றிதழ் பற்றியது. என் தந்தை தமிழ்நாட்டிலிருந்து 1988-இல் மத்திய அரசில் எழுத்தராகச் சேர்ந்து தில்லிக்கு வந்தவர். பதவி உயர்வு பெற்று இன்று பிரிவு அலுவலராக இருக்கிறார்; ஆண்டுச் சம்பளம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அம்மா வேலைக்குச் செல்லவில்லை. நான் தில்லியிலேயே பிறந்தவன். தந்தையின் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, இங்குள்ள வருவாய்க் கோட்ட நடுவரின் (எஸ்.டி.எம்.) அலுவலகம் மத்திய அரசுப் படிவத்தில் எனக்கு ஓ.பி.சி. சான்றிதழ் அளித்திருக்கிறது. தில்லியில் பிறந்தவனுக்குத் தமிழ்நாட்டுச் சாதி செல்லாது என்று ஒருவரும், தந்தையின் சம்பளத்தால், இட ஒதுக்கீடு பெற முடியாத வசதி படைத்த பிரிவான கிரீமி லேயரில் நான் வருவேன் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எது சரி?

நிர்வாகப் பிரிவு (ஓய்வு):

தம்பி, முதலில் வாழ்த்துகள். அமைச்சகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, இத்தகைய கோப்புகளை மேசையில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: எழுதுங்கள், முழுமையாக எழுதுங்கள்.

அரசுப் பணிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்கள் தனித்தனியே பார்க்கப்படுகின்றன. வயது, கல்வி, இட ஒதுக்கீட்டுச் சான்று போன்றவை தகுதி சார்ந்தவை. அறிவிக்கையில் குறிப்பிட்ட நாளில் அவை உங்களிடம் இருக்கின்றனவா, இல்லையா என்பதோடு அந்த ஆய்வு முடிந்துவிடும். இந்தப் பணிக்கு இவர் பொருத்தமானவர்தானா என்பது வேறு கேள்வி. அங்கே அதிகாரி ஒருவர் சிந்தித்து முடிவெடுக்க இடமிருக்கிறது. குரூப் சி பணிகளுக்கும், குரூப் பி-யில் கெஜட்டட் அல்லாத பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் இல்லை. ஆகவே உங்களைப் பணியில் அமர்த்தும் அதிகாரி உங்களை நேரில் அறிய வாய்ப்பே இல்லாமல், நீங்கள் நிரப்பித் தரும் படிவத்தையும் காவல்துறை அனுப்பும் அறிக்கையையும் வைத்துத்தான் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அவர் கண்ணில் முதலில் படுவது வண்டி நிறுத்துமிடத் தகராறு அல்ல, உங்கள் கையெழுத்துக்கு மேலே இருக்கும் ‘இல்லை’ என்ற சொல்தான்.

படிவத்தின் தலைப்பிலேயே இருக்கும் எச்சரிக்கையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பொய்யான தகவல் தருவதும், உண்மைத் தகவலை மறைப்பதும் தகுதியிழப்பாகும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. வழக்கு அற்பமானதா, பெரியதா என்று அங்கே பிரித்துப் பேசவில்லை. மறைத்தது தெரியவந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மத்தியப் பணியாளர் துறையின் 1993 மே 19-ஆம் நாளிட்ட குறிப்பாணை ஒன்று இருக்கிறது. பொய்த் தகவலோ பொய்ச் சான்றிதழோ கொடுத்து வேலை பெற்றவர் தகுதிகாண் பருவத்தில் இருந்தால் அவரைப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். நிரந்தரமாகிவிட்டவர் என்றால் மத்திய அரசு ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைக்குரிய 1965-ஆம் ஆண்டு சி.சி.எஸ். (சி.சி.ஏ.) விதிகளின் 14-ஆம் விதிப்படி விசாரணை நடத்தி, குற்றச்சாட்டு நிரூபணமானால் பணிநீக்கமோ பணியறவோ செய்ய வேண்டும், அதைவிடக் குறைந்த தண்டனை எதுவும் கூடாது. பத்து ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தாலும் இதே நிலைதான். இப்படியொரு கோப்பை, பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் வயதில் ஒருவர் எதிர்கொள்வதைப் பார்ப்பது மிகவும் வேதனையானது. அந்த வேதனையைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மறைத்தால் தெரியவராது என்று நினைப்பதற்கு இன்று ஆதாரமே இல்லை. நீங்கள் தில்லியில் இருந்த காலத்துக்கான சரிபார்ப்பு தில்லி காவல்துறையின் ஸ்பெஷல் பிராஞ்ச் வழியாக நடக்கும்; கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வேறு ஊரில் தங்கியிருந்தால் அந்த மாவட்டத்துக்கும் படிவம் போகும். நாடெங்கும் உள்ள காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். வலையமைப்பில் முதல் தகவல் அறிக்கைகள் பதிவாகின்றன.

எழுதும் முறை முக்கியம். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே விடையளியுங்கள். 151-ஆம் பிரிவு என்பதே கைதுக்கான பிரிவு. ஆகவே கைது பற்றிய கேள்விக்கு ‘ஆம்’. பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்ததால் அந்தக் கேள்விக்கும் ‘ஆம்’. குற்றப்பத்திரிகை தாக்கலானதால் வழக்கு நடந்ததா என்பதற்கும் ‘ஆம்’. தண்டனை, அபராதம் ஆகியவற்றுக்கு ‘இல்லை’. கோடு போட்டு எந்தக் கட்டத்தையும் விட்டுவிட வேண்டாம். தனித் தாளில் முதல் தகவல் அறிக்கையின் எண், நாள், காவல் நிலையம், பிரிவுகள், நீதிமன்றம், தீர்ப்பு நாள், முடிவு ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை இணைத்து, ‘இணைப்பைக் காண்க’ என்று படிவத்தில் குறிப்பிடுங்கள். யார் முதலில் கை ஓங்கினார், யார் மீது தவறு என்ற விளக்கம் அங்கே வேண்டியதில்லை; கேட்டால் பிறகு சொல்லலாம். சமர்ப்பிக்கும் முன் முழுத் தொகுப்பையும் நகலெடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்கர்டூமா வழக்கறிஞர்:

மேலே ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்த்திருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேள்வி கேட்டவருக்கு நிலைமை இன்னும் தெளிவாகும்.

இந்தப் பொருளில் இன்று அடிப்படையாகக் கொள்ளப்படுவது, 2016 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவதார் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு. அதற்கு முந்தைய தீர்ப்புகள் இரண்டு திசைகளில் இழுத்துக்கொண்டிருந்தன. 2003-இல், கேந்திரிய வித்யாலயத்தில் ஆசிரியராகச் சேர்ந்த ஒருவர் நிலுவையிலிருந்த வழக்கை மறைத்ததற்காக விடுவிக்கப்பட்டார். ஆங்கிலப் படிவம் தமக்குப் புரியவில்லை என்று அவர் கூறியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு பின்னர் திரும்பப் பெறப்பட்டதும் அவருக்கு உதவவில்லை. 2011-இலோ, தில்லி காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், வாடகைக்குக் குடியிருந்தவருடன் ஏற்பட்ட தகராறு தொடர்பான வழக்கை விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விட்டு, பின்னர் அட்டெஸ்டேஷன் படிவத்தில் குறிப்பிட்டிருந்தார். சுமார் இருபது வயதில் நிகழ்ந்த சிறு பிழைக்காக வாழ்நாள் முழுவதும் ஒருவரைக் குற்றவாளியாக முத்திரை குத்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கவே 2016-இல் பெரிய அமர்வு கூடியது.

அந்தத் தீர்ப்பின் சாரத்தை உங்கள் நிலைக்குப் பொருத்திச் சொல்கிறேன். தரப்படும் தகவல் உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதே தொடக்கப் புள்ளி. மறைக்கப்பட்டது அற்பமான வழக்காக இருந்தால், அதிகாரி தம் விருப்புரிமையைப் பயன்படுத்தி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பணியில் உறுதிசெய்யப்பட்டவரைத் துறை விசாரணை இன்றி நீக்க முடியாது. படிவத்தில் கேட்கப்பட்டது தெளிவானதாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. இன்னொரு வரியையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்: முடிந்துபோன வழக்கை ஒருவர் உண்மையாகத் தெரிவித்திருந்தாலும், அவருடைய முன்வரலாற்றை ஆராயும் உரிமை வேலை அளிப்பவருக்கு உண்டு; பணி வழங்கியே தீர வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உண்மையை எழுதினால் எல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்று நான் நம்பிக்கை ஊட்டினால், அது உங்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. 2013-இல் முடிவான தில்லி காவல்துறை வழக்கில், காவலர் பணிக்குத் தேர்வானவர் தம் மீதிருந்த வழக்கைத் தெரிவித்தே இருந்தார். கூட்டமாகச் சென்று பேருந்தை மறித்து, நடத்துநரையும் தடுக்க வந்தவர்களையும் தாக்கியதாகக் குற்றச்சாட்டு. சமரசத்தாலும் சாட்சிகள் பிறழ்ந்ததாலும் அவர் விடுதலையாகியிருந்தார். காவல்துறையின் ஸ்கிரீனிங் கமிட்டி அவரை நிராகரித்ததை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சமரசத்தால் கிடைக்கும் விடுதலையும், குற்றம் நிகழவே இல்லை என்று ஆராய்ந்து கிடைக்கும் விடுதலையும் ஒன்றல்ல என்பதே அங்கே முக்கியக் கருத்து. சீருடைப் பணிகளில் அளவுகோல் கடுமையானது. 2022 செப்டம்பரில் மத்திய ரிசர்வ் காவல் படை தொடர்பான தீர்ப்பும் அதையே வலியுறுத்தியது. அதே ஆண்டு மே மாதம், ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் வழக்கில், தகவல் விடுபட்டது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஆராயாமல் ஒருவரை வெளியேற்றிவிட முடியாது என்றும் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

உங்களுடையது மேசைப் பணி. குற்றச்சாட்டோ 323, 341 பிரிவுகளின் கீழ் வருவது. இரண்டுமே நீதிமன்ற அனுமதி கூட இல்லாமல் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளத்தக்கவை. அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவுப்படி, அத்தகைய சமரசத்தின் சட்ட விளைவு விடுதலையே. ஒழுக்கக்கேடு என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. இத்தனையையும் நீங்களே முன்வந்து ஆவணத்துடன் தெரிவித்திருக்கும்போது உங்களை நிராகரிக்க ஓர் அதிகாரி முனைந்தால், அதற்கான காரணத்தை அவர் எழுத்தில் விளக்கியாக வேண்டும். அந்தக் காரணத்தை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் நீங்கள் எதிர்க்க முடியும். மறைத்துப் பிடிபட்டவருக்கு அந்தத் தீர்ப்பாயத்தில் வாதிட மிகக் குறைவான இடமே இருக்கும். அத்தகையவர்களுக்காக நின்று பேசியிருக்கிறேன். அடிப்படை வழக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ‘ஏன் சொல்லவில்லை?’ என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே வாதம் முழுவதும் கரைந்துவிடுகிறது.

நடைமுறையில் ஒன்றை உடனே செய்யுங்கள். 2021-ஆம் ஆண்டு உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு, வழக்கு நடந்த நீதிமன்ற வளாகத்தின் நகல் பிரிவில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். முடிந்த வழக்கின் கோப்பு ஆவண அறையிலிருந்து வர நாளாகும். கலந்தராவின் முடிவையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116(6) பிரிவுப்படி, விசாரணை தொடங்கி ஆறு மாதங்களுக்குள் முடியாவிட்டால், நடுவர் சிறப்புக் காரணம் காட்டி வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி அந்த நடவடிக்கை தானாகவே முடிவுக்கு வந்துவிடும். ஆனாலும் அனுமானத்தில் எழுதாமல், அந்த உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு விடை பெறுங்கள். நிலுவையில் வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதும் முன், நீதிமன்ற வழக்கு விவரங்களுக்கான இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரை ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவதும் நல்லது.

ஜனக்புரி அம்மா:

வழக்கு பற்றி மேலே இருவரும் விரிவாக எழுதிவிட்டார்கள். என் மகளுக்காக எஸ்.டி.எம். அலுவலகத்துக்கும் தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்து, விதிகளையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவள் என்பதால், தம்பியின் இரண்டாவது கேள்விக்கு நான் விடையளிக்கிறேன்.

மத்திய அரசுப் பணிக்கு, நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பதைவிட உங்கள் குடும்பத்தின் பூர்வீக மாநிலம் எது, அந்த மாநிலத்துக்கான மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்பதே முக்கியம். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு, தந்தைக்கு அவருடைய சொந்த மாநிலத்தில் வழங்கப்பட்ட சான்றிதழைப் பார்த்து, இப்போது வசிக்கும் இடத்தின் அதிகாரி சான்றிதழ் அளிக்கலாம் என்று மத்திய அரசின் அறிவுறுத்தல் இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பது அத்தகைய சான்றிதழ்தான். உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கு உரியதாக அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். தமிழ்நாடு அரசு தன் பணிகளுக்காக வழங்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மத்திய அரசுச் சரிபார்ப்புக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. அது இங்கே ஏற்கப்படாது, மத்திய அரசுப் படிவத்தில்தான் இருக்க வேண்டும்.

உங்களிடம் ‘செல்லாது’ என்று சொன்னவர், தில்லி அரசுப் பணிகளின் நிலையை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். தில்லி அரசுப் பணிகளுக்கான தேர்வு வாரியமான டி.எஸ்.எஸ்.எஸ்.பி. நடத்தும் தேர்வுகளில் தில்லிக்கான ஓ.பி.சி. பட்டியலும், இங்கே குடியிருந்த காலமும் பார்க்கப்படுகின்றன. பட்டியல் சாதியினரின் நிலை அங்கே வேறு. 2018 ஆகஸ்ட் 30 அன்று தில்லி ஜல் போர்டு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று பொது விதியை உறுதிசெய்தது. ஆனால் தில்லியின் பணிகளில் அகில இந்திய அளவிலான இட ஒதுக்கீடே பொருந்தும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டனர். தலைமுறைகளாக இங்கே குடிசைப் பகுதிகளிலும் மறுகுடியேற்றக் காலனிகளிலும் வாழ்ந்து வரும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பயனுள்ளது. ஆனால் அதைப் பற்றி அறியாமல் பொதுப் பிரிவிலேயே விண்ணப்பித்துவிடும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

கிரீமி லேயர் பற்றிய அச்சம் உங்களுக்கு வேண்டாம் என்றே நினைக்கிறேன். 8 லட்சம் ரூபாய் என்பது 2017 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட வரம்பு. அந்த வரம்பைக் கணக்கிடும்போது சம்பளத்தையும் விவசாய நில வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்பது 1993 செப்டம்பர் 8-ஆம் நாளிட்ட குறிப்பாணையிலேயே தெளிவாக்கப்பட்ட விதி. அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை அவர்கள் வகித்த பதவியின் நிலைதான் அளவுகோல். பெற்றோரில் ஒருவர் குரூப் ஏ பணியில் நேரடியாக நியமிக்கப்பட்டவராகவோ, இருவருமே குரூப் பி பணியில் நேரடியாக நியமிக்கப்பட்டவர்களாகவோ, அல்லது குரூப் பி-யில் நேரடியாகச் சேர்ந்த தந்தை 40 வயதுக்குள் குரூப் ஏ-வுக்கு உயர்ந்தவராகவோ இருந்தால் பிள்ளைகள் கிரீமி லேயரில் வருவார்கள். எழுத்தராகச் சேர்ந்து பதவி உயர்வில் பிரிவு அலுவலரான உங்கள் தந்தை இவற்றில் எதிலும் வரவில்லை. வாடகை, வட்டி போன்ற வேறு வருமானம் குடும்பத்துக்கு இருந்தால் மட்டும் அதைத் தனியே கணக்கிட்டுப் பாருங்கள். தேர்வு அறிவிக்கையில் விண்ணப்பத்துக்கான கடைசி நாளாகக் குறிப்பிடப்பட்ட நாளில் நீங்கள் கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி.யாக இருந்தீர்களா என்பதே பார்க்கப்படும். அறிவிக்கையின் அந்தப் பத்தியை எடுத்துவைத்து, சான்றிதழ் நாளுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்துடன் ஒரு பெயர், ஆதாரில் தந்தையின் முழுப் பெயர் பின்னால் வருமாறு இன்னொரு பெயர், தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழில் தந்தையின் பெயருக்கு வேறொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், வடநாட்டு எழுத்தர் அவற்றை வெவ்வேறு மனிதர்களின் ஆவணங்களாகவே பார்ப்பார். தலைப்பெழுத்தின் விரிவு மட்டுமே வேறுபடும் இடத்தில் உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. பெயரே மாறியிருந்தால், சிவில் லைன்ஸில் உள்ள பதிப்புத் துறை வழியாக அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டிவரும்; அதற்குக் காலம் பிடிக்கும்.

முனிர்கா மாணவி:

இதே பொருளில் ஒரு கேள்வி. என் தம்பிக்கு 16 வயதாக இருந்தபோது பள்ளிக்கு வெளியே நடந்த அடிதடி ஒன்றில் அவன் பெயரும் சேர்க்கப்பட்டு, சிறார் நீதிக் குழுமத்தில் வழக்கு முடிந்தது. அவன் இப்போது தேர்வுகளுக்குத் தயாராகி வருகிறான். அவனும் இதையெல்லாம் எழுத வேண்டுமா?

கர்கர்டூமா வழக்கறிஞர்:

சிறார் வழக்குகளுக்குச் சட்டமே தனிப் பாதுகாப்பு அளித்திருக்கிறது, சகோதரி. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ் நடத்தப்பட்ட சிறார் ஒருவருக்கு, குற்றத் தீர்ப்போடு ஒட்டிவரும் எந்தத் தகுதியிழப்பும் நேரக் கூடாது என்கிறது. 16 வயது நிறைந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அதே சட்டத்தின் 74(2) பிரிவு, முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவுகளை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ காவல்துறை வெளியிடக் கூடாது என்று தடுக்கிறது. சிறு வயதில் நேர்ந்தது ஒருவரைப் பின்தொடரக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். உச்ச நீதிமன்றமும் 2019-இல் அந்த நோக்கத்தை ஏற்று, சிறாராக இருந்தபோது பதிவான வழக்கைக் காரணம் காட்டிப் பணி மறுத்ததை நிராகரித்திருக்கிறது. ஆயினும் படிவம் வரும்போது, குழுமத்தின் உத்தரவையும் படிவத்தின் வாசகத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, அந்தப் பிரிவுகளைச் சுட்டி எப்படி விடையளிப்பது என்று முடிவுசெய்யுங்கள். குழுமத்தின் இறுதி உத்தரவை இப்போதே பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

ஆர்.கே.புரம் வாசி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உண்மையை எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவும் அதையே சொன்னார். சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இன்னும் ஒரே ஓர் ஐயம். கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் நான் சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கிருந்தும் அறிக்கை வரவேண்டும் என்றால், மற்றவர்கள் பணியில் சேர்ந்த பிறகும் நான் காத்திருக்க நேருமோ? அப்படி நேர்ந்தால் என் பணிமூப்பு பாதிக்கப்படுமா?

நிர்வாகப் பிரிவு (ஓய்வு):

நல்ல முடிவு, தம்பி. சென்னை முகவரியை, தங்கிய மாதங்கள் உட்பட, வீட்டு எண்ணும் காவல் நிலைய எல்லையும் சரியாக இருக்குமாறு எழுதுங்கள். சரிபார்ப்பு தாமதமாவதற்கு மிகப் பொதுவான காரணம், முகவரி முழுமையாக இல்லாமல் படிவம் ஒரு காவல் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைவதுதான். அந்த வீட்டு உரிமையாளரிடமும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைத்துவிடுங்கள். காவலர் வந்து விசாரிக்கும்போது ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று அவர் சொல்லிவிட்டால், அறிக்கை அப்படியே எழுதப்பட்டுத் திரும்பிவிடும்.

பல துறைகள், படிவத்தையும் சுய உறுதிமொழியையும் பெற்றுக்கொண்டு, சரிபார்ப்பு நிலுவையில் இருக்கும்போதே தற்காலிக நியமன ஆணை வழங்குகின்றன. உங்கள் படிவத்தில் ‘ஆம்’ என்ற விடைகள் இருப்பதால், உங்கள் துறை அறிக்கை வரும்வரை காத்திருக்க விரும்பலாம். அதற்காக மனம் தளர வேண்டாம். நேரடித் தேர்வு பெற்றவர்களின் பணிமூப்பு பொதுவாகத் தேர்வுத் தர வரிசையைப் பின்பற்றியே அமைகிறது. சில வாரங்கள் தாமதமாகச் சேர்வதால் அந்த வரிசை மாறுவதில்லை. இரண்டு மாதங்கள் கடந்தும் தகவல் இல்லையென்றால், நிர்வாகப் பிரிவுக்கு மரியாதையான கடிதம் ஒன்றை எழுதி, படிவம் எந்த மாவட்டத்துக்கு எந்த நாளில் அனுப்பப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

விளக்கம் கேட்டுத் துறையிலிருந்து கடிதம் வந்தால், அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள், படிவத்துடன் இணைத்த அதே விவரங்களை அதே வரிசையில், ஒரு சொல் கூட மாறாமல் எழுதி, உத்தரவின் நகலை மீண்டும் இணைத்து அனுப்புங்கள். படிவம் கொடுத்த பிறகு புதிதாக எந்த வழக்கோ நடவடிக்கையோ நேர்ந்தாலும் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது. பணியில் சேரும் நாள் வரை அது உங்களுக்குப் பொருந்தும். படிவத்தின் இறுதியில் கெஜட்டட் அதிகாரி ஒருவர் கையெழுத்திட வேண்டிய அடையாளச் சான்றுக்கு, உங்களை உண்மையாகவே அறிந்த ஒருவரிடமே செல்லுங்கள். தெரியாத ஒருவரிடம் அவசரத்துக்கு முத்திரை வாங்கிவிடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. சரிபார்ப்பின்போது அவரிடம் கேட்டால், உங்களை நினைவில்லை என்று அவர் சொல்லிவிடக்கூடும்.

ஆர்.கே.புரம் வாசி:

புரிந்துகொண்டேன், ஐயா. என் பள்ளி ஆசிரியர் ஒருவரின் கணவர் கெஜட்டட் அதிகாரி. என்னைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவர். வழக்கு விவரங்களையும் அவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கையெழுத்து வாங்கவிருக்கிறேன். நகல் கைக்கு வந்ததும் படிவத்தைச் சமர்ப்பித்துவிட்டு, துறையிலிருந்து வரும் பதிலை இங்கே எழுதுகிறேன்.